பதினோரு துடுப்புகள்

கரைக்குத் துடுப்புகள் வந்தன, ஆட்கள் வரவில்லை. ஐப்பசிப் புயல் ஓய்ந்த மூன்றாம் நாள் காலையில் ஓடக்குப்பத்துப் பெண்கள் மணலில் கிடந்த துடுப்புகளை எண்ணிப் பார்த்தார்கள், பதினொன்று இருந்தது, கடலுக்குப் போனவர்களும் பதினோரு பேர்தான். எது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. கைபட்டுக் கைபட்டு ஒவ்வொரு பிடியும் ஒவ்வொரு விதமாகத் தேய்ந்திருந்தது, ஆகவே கூட்டத்தில் புருஷன் குரலைத் தெரிந்துகொள்வதுபோல ஒவ்வொருத்தியும் தன் வீட்டுத் துடுப்பைத் தெரிந்துகொண்டு, பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி மடியில் கிடத்திக்கொண்டு அழுதாள்.

தையல்நாயகி மட்டும் அழவில்லை. கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது அவளுக்கு. புயலன்று காலையில் அவள் புருஷன் அமுர்தன் பழைய சோறும் சுட்ட கருவாடும் தின்றுகொண்டிருந்தவன், பாதியிலேயே எழுந்து வானத்தைப் பார்த்து, "மேகம் மேக்காலதான் புள்ள இருக்கு, பயப்படாத" என்று சொல்லிவிட்டு, வட்டிலில் ஒரு கைப்பிடிச் சோற்றை மிச்சம் வைத்து, "மூடி வை, வந்து தின்னுக்கறேன்" என்று போயிருந்தான். அந்த வட்டில் மூன்று நாளாக மூடினபடியே இருந்தது. புளித்து நாறியது. அழுதால் அதைக் கொட்ட வேண்டிவரும் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். உடம்பு கரையேறாவிட்டால் ஒன்பதாம் நாள் ஒரு முகத்தையாவது எரிக்க வேண்டும், வைக்கோலிலோ மாவிலோ ஒரு உருவம் செய்தாவது எரிக்க வேண்டும். இல்லாவிட்டால் போனவனுக்குத் தான் போனது தெரியாது, இருக்கிறவளுக்கும் கழுத்துத் தாலியைக் கழற்றுவதா வைத்திருப்பதா என்பது தெரியாது. ஆனால் அந்த வருஷத்துப் புயல் வைக்கோலையும் விட்டுவைக்கவில்லை, ஒரு வீட்டிலும் ஒரு படி மாவையும் விட்டுவைக்கவில்லை. ஊர்ப் பெரியவர் மாசிலாமணி ரொம்ப நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "முகந்தானே வேணும்? முகம் செய்யறதுக்குன்னே ஒரு அம்மா இருக்காளே" என்று சொல்லி, பதினோரு பெண்களையும் பதினோரு துடுப்புகளையும் கூட்டிக்கொண்டு மிஷன் அச்சுக்கூடத்துக்கு நடந்தார்.

அங்கே இருந்தவள் ஹெட்விக். ஜெர்மனி தேசத்தில், பட்டப்பகலிலும் உள்ளே இருட்டாக இருக்கும் ஒரு மலைக்காட்டு ஊரில், கடிகாரத்துக்கு மரக்குயில் செதுக்குகிறவன் மகளாகப் பிறந்தவள். அப்பன் மடியில் உட்கார்ந்து உளி பிடித்தவள், பெரிய பட்டணத்துக்குப் போய் மரத்தில் படம் வெட்டி அச்செடுக்கும் வித்தையைப் படித்து, அந்த ஊர்க் குழந்தைகளின் கதைப் புத்தகத்துக்கெல்லாம் ஓநாயும் சூனியக்காரியும் வெட்டிக் கொடுத்தவள், கப்பல் தச்சனான புருஷனை முந்தின சண்டையில் வடகடல் கொண்டுபோன பிறகு அந்தக் காட்டையும் குளிரையும் பார்க்கப் பிடிக்காமல், தமிழ்ப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்துக்கு ஆடும் இலையும் உரலும் ஊஞ்சலும் வெட்டுவதற்காக இந்தக் கரைக்கு வந்து பதினாறு வருஷமாகிறது. பனைமரத்துக்குப் பங்காளிபோல உயரம். வாய்க்கு அடங்காத அவள் பேரை விட்டுவிட்டு ஊர் அவளை எடுவியம்மா என்றது. தமிழை வேதபுத்தகத்திலிருந்து கற்றவள் என்பதால் மீன் வாங்கினாலும் பிரசங்கம் செய்வதுபோலத்தான் கேட்பாள்.

"மரத்தில் வெட்டி எடுத்துப்போடுவது வெளிச்சம், விட்டுவைப்பது இருட்டு. இருட்டில்தான் மை ஒட்டும்" என்று அவள் அச்சுக்கோக்கிறவர்களிடம் அடிக்கடி சொல்வாள். இன்னொன்றும் சொல்வாள். பலகையில் இடப்பக்கம் வெட்டினது காகிதத்தில் வலப்பக்கம் விழும், ஆகவே எதையும் தலைகீழான புத்தியோடு, கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். அவள் வெட்டின பசுவையும் பால்காரன் சரியான கையால்தான் கறந்தான். அந்த விஷயத்தில் அவ்வளவு கறார்.

ஆனால் அவளுடைய கண்ணாடியைப் புயல் உடைத்துப் போட்டிருந்தது, பலகைகள் எல்லாம் நனைந்து உப்பியிருந்தன, இருந்ததோ ஆறு நாள், முகங்களோ பதினொன்று. பெண்கள் சுற்றி உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தார்கள்.

"அழாதேயுங்கள், ஸ்திரீகளே. உம்முடைய புருஷனுடைய மூக்கு எப்படிப்பட்டதாயிருந்தது?"

"மூக்கு மூக்காட்டந்தாம்மா இருந்துச்சு" என்று காத்தாயி சொன்னாள், அவ்வளவு துக்கத்திலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். காத்தாயி தையலுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, நாலு பிள்ளை பெற்றவள், அழுதுகொண்டே பேசவும் பேசிக்கொண்டே அழவும் தெரிந்தவள்.

தையல் தன் முறை வந்ததும், "இடது புருவத்துல ஒரு தழும்பும்மா, சின்னதுல தூண்டி முள்ளு கிழிச்சது" என்று தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். ஹெட்விக் அதைப் பார்த்தபடியே, பார்த்த பக்கத்திலேயே, பலகைக்குப் பதிலாக அவன் துடுப்பின் அகன்ற முனையில் வரைந்து வெட்டினாள். மற்ற பத்துப் பேரையும் அப்படியே வெட்டினாள். கண்ணீர் நடுவில், கண்ணாடி இல்லாத இடத்தில், பதினாறு வருஷத்துக் கறார் ஒரு நொடி கண்ணயர்ந்துவிட்டது.

எட்டாம் நாள் மத்தியானம் துடுப்புகளில் மை தடவி, காகிதம் விரித்து, மர அகப்பையின் முதுகால் தேய்த்துத் தேய்த்து உரித்து எடுத்தபோதுதான் தெரிந்தது, தழும்பு வலது புருவத்தில் விழுந்திருந்தது. காத்தாயி புருஷனுடைய ஒற்றைக் கடுக்கன் காது மாறியிருந்தது. ஹெட்விக் வெள்ளைச் சுவராகிப் போனாள். மாசிலாமணி, "எரிக்கப்போற காயிதந்தானேம்மா, நெருப்புக்கு ஏது எடமும் வலமும்" என்று தேற்றி வாங்கிக்கொண்டு போனார்.

எரிக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்பதாம் நாள் விடியலில், சிதைக்கு ஓலை அடுக்கிக்கொண்டிருக்கும்போது, பதினோரு பேரும் இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து நடந்து வந்தார்கள், சந்தையிலிருந்து தாமதமாக வந்தவர்கள் மாதிரி கொஞ்சம் வெட்கத்தோடு, வேட்டியைப் பிழிந்துகொண்டு. "எங்கய்யா போயிருந்தீங்க?" என்று மாசிலாமணி கேட்டார். "போய்க்கிட்டே இருந்தோம் மாமா. திடீர்னு திரும்பி நின்னாப்ல ஆச்சு. எதிர்ல கரை தெரிஞ்சுது, வந்துட்டோம்" என்றான் அமுர்தன். தழும்பு வலது புருவத்தில் இருந்தது. தையல் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள், அவன் நீட்டியது இடது கையாக இருந்தது.

வந்தவர்கள் எல்லாரும் இடக்கைக்காரர்களாக வந்திருந்தார்கள். அதை ஊர் எப்படிச் செரித்துக்கொண்டது என்பதுதான் பெரிய கதை. முதல் பந்தியிலேயே பிரச்சினை வந்தது, இடது கையால் சோறு அள்ளினார்கள், பக்கத்தில் இருந்தவன் முழங்கையை இடித்தார்கள், பரிமாறின கிழவி ஒருத்தி, "கால் கழுவற கையால சோத்தைத் தொடறானே, தூ" என்று எழுந்து போய்விட்டாள். மாசிலாமணி பஞ்சாயத்தைக் கூட்டினார். இரண்டு நாள் பேசினார்கள். கடைசியில், கடல் திருப்பிக் கொடுத்ததைக் கை சரியில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது, ஆகவே இந்தப் பதினோரு பேருக்கும் இடது கையே சோற்றுக்கை, வலது கையே மற்றக் கை, பந்தியில் இவர்களுக்கு எதிர்வரிசை, கோயிலில் திருநீற்றை இடக்கையில் வாங்கலாம் என்று தீர்ப்பாயிற்று. பூசாரி மூன்று வாரம் முறைத்துக்கொண்டு தட்டைத் தரையில் வைத்தார், நாலாம் வாரம் கையிலேயே போட்டார். நாவிதன் வகிடு மாற்றப் பழகினான். இரண்டு இடக்கைக்காரர்கள் ஒரே கட்டுமரத்தில் போனால் மரம் செக்குமாடு மாதிரி சுற்றி வந்தது, ஆகவே ஒரு பழைய ஆளும் ஒரு வந்த ஆளுமாகச் சேர்த்து அனுப்பினார்கள். இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கிற நாக்குமீனுக்கு, வந்தவர்கள் வலையில் கண் மறுபக்கத்தில் இருந்தது, குழம்பில் ருசி ஒன்றுதான். அவர்கள் முக்குளித்து எடுத்த சங்கெல்லாம் வலம்புரியாக இருந்தது. கோடியில் ஒன்று கிடைக்கும் என்று ஊர் உலகம் கும்பிடுகிற வலம்புரிச் சங்கை ஓடக்குப்பத்துப் பிள்ளைகள் ஊதி விளையாடின, பெண்கள் அதில் உப்புப் போட்டு வைத்தார்கள்.

"எங்க வீட்டு ஆளு முன்னே அடிச்சது வலது கையால. இப்ப அதுக்கு அந்தக் கை வெளங்கல, இந்தக் கைக்கு அடிக்கத் தெரியல. எடுவியம்மா நல்லா இருக்கணும்" என்று காத்தாயி கிணற்றடியில் சொல்லுவாள், பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

தையலும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு ஒன்று மட்டும் செரிக்கவில்லை. முன்பெல்லாம் படுக்கும்போது அவன் மார்பின் இடப்பக்கம் காது வைத்து, அந்தத் துடிப்பைக் கேட்டபடியே தூங்கிப்போவாள். இப்போது அங்கே காது வைத்தால் சங்குக்குள் கேட்கிற இரைச்சல் மட்டும்தான் கேட்டது. துடிப்பு வலப்பக்கம் போயிருந்தது. அந்தப் பக்கம் போய்ப் படுத்தால் அவளுக்குக் கழுத்து வலித்தது, கனவில் யாரோ வேற்றாளின் வீட்டில் படுத்திருப்பதுபோலக் கூசியது. அவன் நல்லவனாகத்தான் இருந்தான். தண்ணீர் தூக்கினான், வலையில் கிழிசலைப் பொத்தினான், அவள் தலைமுடியில் சிக்கெடுத்தான், எல்லாம் இடது கையால். நல்லவனாக இருந்ததே அவளுக்குப் பாரமாக இருந்தது, குறை சொல்லக்கூட ஒன்றுமில்லாமல், கண்ணாடிக்குள்ளிருந்து இறங்கி வந்த ஒருத்தனோடு குடும்பம் நடத்துகிறோம், நம்ம ஆள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டான் என்று நினைத்து நினைத்து அவள் மெலிந்தாள்.

வெயிலும் மழையும் ஒரு சுற்று வந்தது. ஆவணி முடிகிற சமயத்தில் வெள்ளைக்காரர்களுக்குள் மறுபடி சண்டை மூண்டது. ஜெர்மனிக்காரர்களை எல்லாம் பிடித்து எங்கோ முள்வேலிக்குள் வைக்கிறார்களாம், எடுவியம்மாவைக் கூட்டிப்போகத் திங்கட்கிழமை வண்டி வருகிறதாம் என்று சேதி வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. தையலுக்கு மூன்று மாதம் தள்ளிப்போயிருந்தது, அதை அவள் இன்னும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய காது இந்தக் காது இல்லை என்று வைத்திருந்தாள்.

அவள் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றினாள். வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தவன் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, அந்தத் துடுப்பைக் குடுங்க."

அவன் கண்ணாடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "நான் நல்லாத்தானே புள்ள இருக்கேன்?"

"நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள்.

அவன் எழுந்துபோய்த் துடுப்பை எடுத்து வந்து இடது கையால் நீட்டினான். "ஒனக்கு எது வேணுமோ அதைச் செஞ்சுக்க" என்றான்.

காத்தாயி பாதிவழி வரை கூடவே வந்து திட்டினாள். "ஏண்டி, வந்தது போதும்னு வச்சுக்கக் கூடாதா? எந்தப் பக்கம் துடிச்சா என்ன, துடிக்குதுல்ல?"

"ஒனக்கு அடிக்காத புருசன் கெடச்சான்க்கா. எனக்கு இருந்தவன் போயிட்டான்" என்றாள் தையல்.

ஹெட்விக் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். கேட்டதும் கட்டின பெட்டியை அவிழ்த்து உளியை வெளியே எடுத்தாள். "இந்தப் பதினோரு முகங்களும் என் ஜீவியத்தில் நான் செய்த ஒரே பிழை. மற்ற ஸ்திரீகள் திருத்தவிடவில்லை. நீயாவது விடுகிறாய்" என்றாள். துடுப்பைத் திருப்பிப்போட்டாள், முதுகுப்பக்கம் வெறுமையாக இருந்தது. அடிப்பக்கத்து முகம் மேசையில் அழுந்துமே என்று தையல் தன் முந்தானையை மடித்துக் கீழே கொடுத்தாள். தையல் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, எரிக்காமல் வைத்திருந்த பழைய காகித முகத்தைப் பார்த்து, வெட்டினதை அதில் சரிபார்த்துச் சரிபார்த்து, நெற்றி, தழும்பு, மூக்கு, நாடி என்று ஒரு மயிரிழை பிசகாமல், அன்றும் மறுநாளும் அவள் வெட்டினாள். உளி போன வழியெல்லாம் வெளிச்சம் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. சனிக்கிழமை சாயங்காலம் மை தடவி அகப்பை முதுகால் தேய்த்து உரித்தபோது, தழும்பு இடது புருவத்தில் இருந்தது. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் வலை மட்டும் கிடந்தது. ஊசி இடப்பக்கமிருந்து குத்தினபடி பாதியில் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து கண் விழித்தபோது பாயில் அவன் பழைய பக்கத்தில் படுத்திருந்தான். தையல் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் காது வைத்தாள். துடித்தது. அவள் அவனை எழுப்பி, முகம் கழுவ வைத்து, பழைய சோறும் சுட்ட கருவாடும் எடுத்து வைத்து எதிரில் உட்கார்ந்தாள். அவன் வலது கையால் பிசைந்து அள்ளித் தின்கிறதைப் பார்க்கப் பார்க்க, ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க, நான் முழுகாம இருக்கேன்."

அவன் சிரித்தான். "அதுக்குள்ளயா? கல்யாணமாகி ஏழு மாசந்தானே புள்ள ஆவுது. வந்து பேசிக்கலாம்." பாதியில் எழுந்தான். வெளியே வந்து வானத்தைப் பார்த்தான். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. "மேகம் மேக்காலதான் இருக்கு, பயப்படாத" என்றான்.

தையல் உள்ளே திரும்பினாள். வட்டிலைப் பார்த்தாள். ஒரு கைப்பிடிச் சோறு இருந்தது.

"மூடி வை, வந்து தின்னுக்கறேன்."

அவள் அவன் காலைக் கட்டிக்கொண்டாள், காத்தாயியைக் கூப்பிட்டுக் கத்தினாள், காத்தாயி புருஷனும் இன்னும் ஒன்பது பேரும் ஓடி வந்து இடது கைகளால் அவனைப் பிடித்தார்கள். அவன் கோபப்படவில்லை, யாரையும் தள்ளவுமில்லை, ஒவ்வொரு கையாக விலக்கிவிட்டு, சுவரில் சாய்த்திருந்த துடுப்பை எடுத்துக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு முந்தின அந்தக் காலைக்குள் நடந்துபோனான். கண்ணாடி மாதிரி கிடந்த கடலில் அவன் மரம் நேர் கிழக்கே போயிற்று. அவன் மட்டும் பெரிய அலைகளில் ஏறுகிறவனாக ஏறி ஏறி இறங்கினான். திரும்பிப் பார்க்கவில்லை.

தையல் அச்சுக்கூடத்து வாசலில் போய் விழுந்தாள். ஹெட்விக் அத்தனையும் கேட்டாள். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு மரப்பலகையை எடுத்தாள், அவள் புருஷனுடைய தச்சுப் பெட்டியின் மூடி அது. இரண்டு பக்கமும் ஒரே முகம் வெட்டியிருந்தது, வெட்டி, இழைத்து, மறுபடி வெட்டி, மறுபடி இழைத்து, பலகை வாழையிலைபோல மெலிந்திருந்தது.

"இருபது வருஷங்களில் பதினேழு தரம் வெட்டினேன், மகளே. ஒவ்வொரு தரமும் கண்ணாடி வைத்து, பிழையில்லாமல்" என்றாள். "கடலைப் பார்த்துப் போனவனை, போனபடியே வெட்டினால், அவன் போய்க்கொண்டேதானே இருப்பான்? புறம் மாற்றி வெட்டினால்தானே கரையைப் பார்ப்பான்? அது எனக்குத் தெரியவில்லை. நான் ஒரு தரமாவது தப்பாக வெட்டியிருக்கலாம்."

"இப்ப வெட்டுங்கம்மா. உங்க ஆளை வெட்டுங்க. எங்க ஆளையும் வெட்டுங்க."

ஹெட்விக் பலகையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அதன் வழியாக அந்தப்பக்கத்து ஜன்னல் தெரிந்தது. உளி வைக்க அதில் மரம் மிச்சமில்லை. அமுர்தனுடைய துடுப்போ கடலில் இருந்தது.

திங்கட்கிழமை வண்டி வந்தது. ஊரே கரை ரோட்டில் நின்றது, பத்துப் பேர் இடது கையைத் தூக்கிக் கும்பிடு போட்டார்கள். ஹெட்விக் அந்தப் பிழைகளை ஒவ்வொன்றாக, முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். புதன்கிழமை துடுப்பு கரை ஒதுங்கியது. இரண்டு பக்கமும் வழவழவென்று, யார் முகமும் இல்லாமல். மூன்று நாள் முந்தி வந்திருந்தால் உளி பிடிக்கிற கை ஊரில் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு தையல் யாரோடும் அதிகம் பேசவில்லை. தினமும் ஒரு கைப்பிடிச் சோற்றை வட்டிலில் வைத்து மூடினாள், மறுநாள் காக்கைக்குப் போட்டாள். காத்தாயி அவளுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வழக்கமான வாயை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவளாக, சும்மா உட்கார்ந்திருந்து எழுந்து போவாள்.

பங்குனியில் வலி கண்டது. ஊர் மருத்துவச்சி காய்ச்சலில் கிடந்ததால் ஆற்றுக்கு அந்தப்பக்கத்து ஊரிலிருந்து ஒருத்தியைக் கூட்டிவந்தார்கள். ஒரு பகல் முழுக்கத் தையல் அந்த வழவழத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு முக்கினாள். பொழுது சாய்கிற நேரத்தில் பெண் பிறந்தது. அழவில்லை. நீலம் பாரித்திருந்தது. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், வாயைத் துடைத்து ஊதினாள், பிறகு குழந்தையின் மார்பில் இடப்பக்கம் காதை வைத்து, வைத்தபடியே இருந்து, நிமிர்ந்து கையை விரித்தாள்.

"இல்லடியம்மா. மூச்சு நின்னுதான் வந்திருக்கு."

வாசலில் இருந்த பெண்கள் ஒப்பாரிக்கு வாயெடுத்தார்கள். காத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு கிழவி பழைய துணி தேடி எழுந்தாள்.

"கொண்டாங்க இங்க" என்றாள் தையல்.

"வேணாம் தாயி, பாத்தா ஆறாது—"

"கொண்டாங்கன்னேன்ல."

அவள் குழந்தையை வாங்கி, ஒரு வருஷமாகத் தனக்குக் கூசிய அந்தப் பக்கம், வலப்பக்கம், கழுத்தைச் சாய்த்துக் காதை வைத்தாள். வெளியே ஒப்பாரி நின்றது. சின்னதாக, வேகமாக, யாரோ தொலைவிலிருந்து கரையை நோக்கித் துடுப்புப் போடுகிறதுபோல, அங்கே துடித்துக்கொண்டிருந்தது.